மயிலாப்பூரில் நாலு டிகிரி

வீட்டுக்கு அலாரம் மாட்டும் தொழிலில் இத்தனை வருஷத்தில் நான் ஒரு திருடனைக்கூடப் பார்த்ததில்லை, பார்த்ததெல்லாம் வீட்டுக்காரர்களைத்தான். திருடனாவது ஒருநாள் வந்து போய்விடுவான். வீட்டுக்காரர்கள் தினமும் போன் செய்வார்கள். நீங்களும் இன்வர்ட்டர், தண்ணீர் ஃபில்டர், டிஷ் என்று அடுத்தவர் வீட்டுச் சுவரில் எதையாவது மாட்டிப் பிழைப்பவராக இருந்தால் மேற்கொண்டு படியுங்கள். நாம் ஒரே கட்சி.

கதவு திறந்தால் அடிக்கிற சென்சார், ஆள் நடமாடினால் அடிக்கிற சென்சார் இவையெல்லாம் சாது. வம்பு முழுக்க வெப்பநிலை சென்சாரில்தான். சோப்பு டப்பா அளவில் வெள்ளையாக இருக்கும், ஒயர் கிடையாது, பேட்டரியில் ஓடும். அறையில் எவ்வளவு சூடு என்று அளந்து மெயின் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி அதை வீட்டுக்காரரின் போனுக்கும் எங்கள் ஆபீசுக்கும் அனுப்பும். சூடு ரொம்ப ஏறினாலும் ரொம்ப இறங்கினாலும் சைரன் ஊளையிடும். ஆபீசில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து இதையெல்லாம் கவனிப்பவன் டில்லிபாபு. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் நேரில் வாங்கிக் கட்டிக்கொள்பவள் நான், புவனா.

குழாய் உறையும் ஊர்

இந்தச் சென்சாரோடு வரும் கையேட்டை ஏதோ பனி பெய்கிற நாட்டில் எழுதியிருக்கிறார்கள். அதில் உள்ளதை வாடிக்கையாளருக்கு ஒரு வரி விடாமல் விளக்க வேண்டும் என்பது ஆபீஸ் உத்தரவு. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் வீட்டில் மாட்டிவிட்டு நானும் விளக்கினேன். சித்திரை வெயில். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"சார், ஐந்து டிகிரிக்குக் கீழே போனா இது உங்களை எச்சரிக்கும். ஏன்னா அப்போ குழாயில இருக்கிற தண்ணி உறைஞ்சு குழாய் வெடிச்சிரும்" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே வரிசையாகக் குடங்கள், லாரித் தண்ணீருக்காகக் காத்திருந்தன. பிறகு என்னைப் பார்த்து ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "ஏம்மா, குழாய்ல தண்ணி வந்தாத்தானம்மா உறையும்? தண்ணி வந்தா அடிக்கிற மணி ஏதும் இருந்தா அத மாட்டிட்டுப் போங்க."

கபாலி இல்லாத ஊர்

மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் ஃப்ளாட் வரதராஜன் சாருடையது. மின்சார பில் போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகள் வைதேகி கனடாவில் தனியாக இருக்கிறாள். போன வருஷம் மே மாதம் அவர் அந்த ஹாலில் மயங்கி விழுந்து, பக்கத்து ஃப்ளாட்காரர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். டாக்டர் சொன்ன காரணம் வெயில். சுவரில் ஏசி இருந்தது. அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார்.

நான் மாசி மாதக் கடைசியில் மாட்டப் போனபோது வைதேகி வீடியோவில் இருந்தாள். கோயம்புத்தூரில் முதியோருக்கான குடியிருப்பு ஒன்றில் அப்பாவுக்கு அறை பார்த்து வைத்துவிட்டாள். அவர் போகமாட்டேன் என்று பிடிவாதம். கடைசியில் இரண்டு பேரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். ஹாலில் முப்பத்திரண்டு டிகிரியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அவள் போனுக்குத் தெரியும். இந்த வெயில்காலம் ஒழுங்காகக் கழிந்தால் அவர் இந்த வீட்டிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நான் ஏணியில் நின்று சுவரில் துளை போடும்போது அவர் கீழே நின்று என்னிடம் மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தார்.

"கோயம்புத்தூர்ல எல்லாம் இருக்காம். தோட்டம் இருக்காம், டாக்டர் இருக்காராம், சாப்பாடு ரூமுக்கே வந்துடுமாம். கபாலி இல்லையே" என்றார். அப்படியென்றால் ஏசியைப் போட்டுவிடுங்கள் சார், பிரச்சினையே இல்லையே என்றேன். அந்த முகத்தில் வந்த வேதனையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சென்னையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் கணக்கு எடுக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது புரியும். "ஏசி போடறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லம்மா. ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினா ரேட்டு எகிறிடும், தாண்டப்படாது, அவ்வளவுதான்."

சூடம்

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வாக்கில் டில்லிபாபு போன் செய்தான். மயிலாப்பூர் ஹாலில் அறுபது டிகிரி காட்டுகிறதாம். லஸ் முனையில் சிக்னலைக்கூடப் பார்க்காமல் போனேன் என்றால் நம்புங்கள். வீட்டில் தீ இல்லை, புகை இல்லை. என்ன நடந்தது என்று போகப்போகத்தான் விளங்கியது.

வீட்டுக்கு எந்தப் புதுச் சாமான் வந்தாலும் வெள்ளிக்கிழமை அதற்குச் சந்தனம் குங்குமம் வைப்பது அவர் வழக்கம். பழைய ஃபிரிட்ஜுக்கு, ஸ்டெபிலைசருக்கு, மிக்சிக்கு எல்லாம் வைத்திருக்கிறார். சென்சாருக்கும் வைத்தார். வைத்ததோடு விட்டிருக்கலாம். சாமிக்குக் காட்டிய சூடத்தை அப்படியே திருப்பி அதற்கும் மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறார். சைரன் அலறியிருக்கிறது. பாதியில் தீபாராதனையை நிறுத்தக்கூடாது என்று அவர் முழுவதும் முடித்துவிட்டுத்தான் மெயின் பெட்டிப் பக்கம் போயிருக்கிறார். மகளுக்கு இதை எப்படி விளக்குவது என்று நான் வாசலில் நின்று யோசிக்கும்போது டில்லிபாபு மறுபடியும் போனில் வந்தான். சைரன் அடித்தால் வீட்டில் பேசுவதெல்லாம் அவனுக்குக் கேட்கும். "யக்கா, அவுரு சாமி கும்புட்டுக்கினு இருந்துக்கீறாருக்கா. நம்ம சைரனுக்கு ஏத்தாப்புல மணி வேற ஆட்டிக்கினு இருந்தாரு."

மாவு

அடையாறில் ஒரு வக்கீலம்மா இருக்கிறார். கணவனும் மனைவியும் கோர்ட்டுக்குப் போய்விட்டால் வீடு பூட்டிக் கிடக்கும், அதனால் முழு செட்டும் மாட்டியிருந்தோம். ஒருநாள் அவர் போன் செய்து கருவி சரியில்லை என்றார். போய்ப் பார்த்தால் சென்சார் சுவரில் இல்லை. சமையலறை மேடையில், இட்லி மாவுப் பாத்திரத்தின் மூடிமேல் இருந்தது.

குளிர்காலத்தில் மாவு புளிக்காமல் போகிறது, வெயில்காலத்தில் பொங்கி வழிகிறது, எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று கோர்ட்டிலிருந்தே போனில் பார்த்துக்கொள்ளலாமே என்று அவரே கண்டுபிடித்த உபயோகம். அன்றைக்கு மாவு பொங்கி மேடையெல்லாம் ஓடி, அடுப்புக்குள்ளும் இறங்கியிருந்தது. இது மாவுக்கானது இல்லை மேடம் என்று ஆரம்பித்தேன். வக்கீலிடம் வாதம் செய்யப் போன என் புத்தியைச் சொல்ல வேண்டும். "வீட்டுல எந்த அசம்பாவிதம் நடந்தாலும் உடனே சொல்லும்னு நீங்கதானே சொன்னீங்க? இது அசம்பாவிதம் இல்லையா?"

அறுபத்து மூவர்

பங்குனி வந்தது. வெளியே தார் உருகுகிற வெயில். வரதராஜன் சார் ஹாலிலோ தினமும் இருபத்தாறு, இருபத்தேழு. வைதேகிக்கு ஒரே சந்தோஷம். அப்பா திருந்திவிட்டார் என்று எனக்கே நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினாள். நானும் ஏற்றுக்கொண்டேன். வருகிற நன்றியை யார் வேண்டாம் என்பார்கள்?

கபாலி கோயில் அறுபத்து மூவர் உற்சவத்தன்று மத்தியானம், அதே ஹாலில் நாலு டிகிரி. சைரன். வைதேகியின் போனில் "குழாய்கள் உறையக்கூடும்" என்று செய்தி. அங்கே அவளுக்கு நல்ல தூக்க நேரம். பதறி எழுந்து அப்பாவுக்குப் போன் அடிக்கிறாள், அவர் எடுக்கவில்லை. எனக்கு அடித்து அழுகிறாள். "ஏசி ரிப்பேராகி அப்பா விறைச்சுப் போயிட்டார் போல இருக்கு புவனா." எந்த ஏசியும் நாலு டிகிரிக்குப் போகாது என்று அந்த நேரத்தில் எனக்கும் தோன்றவில்லை. மயிலாப்பூரில் அன்றைக்கு ஸ்கூட்டர் எங்கே நுழையும்? லஸ்ஸில் நிறுத்திவிட்டு நீர்மோர்ப் பந்தலுக்கும் பானகப் பந்தலுக்கும் நடுவே கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. வாட்ச்மேன் கையை வடக்கு மாட வீதிப் பக்கம் காட்டினார். அங்கே, உச்சி வெயிலில், மேல்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, வியர்த்து ஊற்ற, நம்முடைய விறைத்துப்போன ஆள் பல்லக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். இத்தனை நாளும் சென்சாரை ஈரத்துண்டால் சுற்றி வைத்திருக்கிறார். காய்ந்தால் மறுபடி நனைப்பாராம். இன்றைக்குப் பகல் முழுக்க வெளியே நிற்க வேண்டும், துண்டு காய்ந்துபோகும், ஆகவே டப்பாவைக் கழற்றி ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கத்தியிருப்பேன், மேளச் சத்தத்தில் கேட்காது என்பதால் விட்டேன். உங்கள் பெண் அங்கே அழுகிறாள் சார், உடனே வாருங்கள் என்று காதருகில் சொன்னேன். அவர் ஒரு டம்ளர் மோரை வாங்கி என் கையில் கொடுத்தார். "இன்னும் நாலு பல்லக்குதான் பாக்கி, நகர்ந்ததும் வந்துடறேன்னு சொல்லு. அதுவரைக்கும் அந்த டப்பாவாவது குளிர்ச்சியா இருக்கட்டும்."

பதிலுக்குப் பதில்

வைதேகி விடவில்லை. மறுநாள் நான் சென்சாரைத் திரும்பச் சுவரில் மாட்டும்போது வீடியோவில் வந்தாள். குளிர்கோட்டு, கம்பளித் தொப்பி. வீட்டுக்குள்ளேதான் இருந்தாள். "போதும்ப்பா. நீ என்னை ஏமாத்திண்டு இருந்திருக்கே. போன வருஷம் மாதிரி விழுந்தா யார் தூக்கறது? அடுத்த மாசம் கோயம்புத்தூர்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்திய பிள்ளை மாதிரி நின்றார். நான் எதற்கு அங்கே நிற்கிறேன் என்று ஸ்குரூவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று நிமிர்ந்து, "உன் ஆத்துலயும் இந்த டப்பா இருக்குன்னு சொன்னியே?" என்று கேட்டார். இருக்கிறது, அங்கே எல்லார் வீட்டிலும் உண்டு, குழாய்க்காக என்றாள். "அப்போ அதையும் என் ஃபோன்ல தெரியறாப்ல பண்ணு. நீ என்னைப் பாரு, நான் உன்னைப் பாக்கறேன். அதான் நியாயம். அப்பறம் கோயம்புத்தூர் பத்திப் பேசலாம்" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி என்று அனுமதி அனுப்பினாள். நான் அவர் போனில் இரண்டு வீட்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வரவைத்தேன். மயிலாப்பூர் முப்பத்துமூன்று. கனடா பதினாலு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். "ஏண்டி வைதேகி, ஈரத்துண்டு ஏதாவது போட்டிருக்கியா?"

மத்தியானத்து அடுப்பு

இரண்டு வாரம் கழித்து, பேட்டரி போய்விட்டது, வா என்றார். போனேன். பேட்டரி நன்றாக இருந்தது. எனக்குக் காபி கொடுத்து உட்காரவைத்துப் போனை நீட்டினார். கனடா சென்சாரின் வரைபடம். எந்த நாள் எந்த மணிக்கு எவ்வளவு சூடு என்று கோடாக வரும். காலையில் பேப்பருக்கு முன்னால் இதைத்தான் பார்க்கிறாராம்.

பதினாலைப் பற்றிக் கேட்டதற்கு, டப்பா வீட்டுக்கு அடியில் நிலவறையில் இருக்கிறது, அதனால்தான் என்று வைதேகி சொல்லியிருக்கிறாள். ஹாலுக்கு மாற்று என்றாராம். மாற்றிவிட்டேன் என்றிருக்கிறாள். "இது ஹால் இல்லம்மா. ஹால் இப்படிக் குதிக்காது. அடுப்புப் பக்கத்துல வெச்சிருக்கா. சமைக்கறச்சே இருபத்தாறு. அணைச்சா பதினஞ்சு. ஹீட்டரே போடறதில்லை" என்று சிரித்தார். பெண்ணின் கெட்டிக்காரத்தனத்தில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது. நானும் சிரித்துவிட்டேன். பிறகு அவர் கோட்டில் ஒவ்வொரு மேடாக விரலை வைத்தார். திங்கள், செவ்வாய், புதன். எல்லாம் அவள் ஊர் மத்தியானம். ஆபீஸ் போகிறவள் வீட்டில் மத்தியானத்தில் எப்படி அடுப்பு எரியும் என்று கேட்டார். இப்போதெல்லாம் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள் சார் என்றேன். "வேலை இருக்கறவ, நாள் பூரா ஆத்துல உக்காந்துண்டு இருக்கறவ, அந்தக் குளிர்ல ஹீட்டரை அணைச்சு வெச்சிருப்பாளா?" என்றார்.

வாழ்நாளெல்லாம் அடுத்த வீட்டுக் கரண்ட் கணக்கைப் பார்த்தவர். எந்த வீட்டில் கை இறுகியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? அவள் அந்த ஊரில் குளிரில் கோட்டைப் போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்கும் தெரிந்தது. நேராகக் கேட்டுவிடுங்களேன் சார் என்றேன். காபி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் திரும்பி நின்று சொன்னார்: "கேட்டா இல்லேன்னு சொல்லுவா. நான் சொல்லலியா, ஏசி ஓடறதுன்னு?"

பெட்டிகள்

அவர் கேட்கவில்லை. போன் செய்து, தோற்றுப்போனேன், கோயம்புத்தூருக்கு வருகிறேன், ஆனால் நீயே வந்து கொண்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவள் வருகிற நாளன்று சென்சாரைக் கழற்றிக்கொண்டு போகும்படி எனக்கும் உத்தரவு. அக்னி நட்சத்திரம். மூன்று மாடி ஏறி உள்ளே நுழைந்தால் ஹால் சில்லென்று இருக்கிறது. ஏசியின் பூப்போட்ட உறையை மடித்து நாற்காலியில் வைத்திருந்தார். நான் வீடு மாறி வந்துவிட்டேனோ என்று வாசல் பெயர்ப் பலகையைத் திரும்பிப் பார்த்தேன்.

நான் ஏணிமேல் இருக்கும்போது வைதேகி வந்தாள். அவளுக்குப் பின்னால் டாக்சிக்காரர் பெட்டி பெட்டியாக மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தபடியே இருந்தார். அப்பாவைக் கோயம்புத்தூரில் விட்டுவிட்டுத் திரும்புகிறவள் கொண்டுவருகிற சாமான் இல்லை அது. கம்பளிப் போர்வை, பிரஷர் குக்கர் வரை இருந்தது. வரதராஜன் சார் அதையெல்லாம் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். "எப்போப்பா கிளம்பணும்?" என்று அவள் கேட்டாள். "அந்த ரூம் வேண்டாம்னு போன வாரமே சொல்லிட்டேன்" என்றார். அவள் அவரையும் ஏசியையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, "வேலை போயிடுத்துப்பா. பொங்கலுக்கு முன்னாடியே. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை" என்று அழுதாள்.

எனக்கு இறங்குவதா, மேலேயே இருப்பதா என்று புரியவில்லை. ஒரு ஸ்குரூவைக் கழற்றியாயிற்று, டப்பா ஒற்றை ஸ்குரூவில் தொங்குகிறது. தொழிலில் எத்தனையோ பயிற்சி கொடுத்தார்கள், இதற்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் மகள் தலையில் கையை வைத்தார். "உன் ரூமைத் தொடச்சு வெச்சிருக்கேன். எத்தனை வருஷம் வேணும்னாலும் இரு. நான் டிகிரி எல்லாம் பாக்க மாட்டேன்."

கழற்றிய ஸ்குரூவைத் திரும்ப முடுக்கிவிட்டு வந்தேன், இப்போது அப்பா அணைத்த ஏசியை மகள் போடுவதும் மகள் போட்டதை அப்பா அணைப்பதுமாகக் கோடு மேலும் கீழும் குதிப்பதால், சென்சாரில் கோளாறு என்று இரண்டு பேரும் தனித்தனியாக என்மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள்.